அய்யனார் வைத்திருக்கும் காடு

2007இல் புதுச்சேரி அரசு தனக்கென்று சின்னங்களை அறிவித்தது. மரம் வில்வம், மலர் நாகலிங்கம், பறவை குயில், விலங்கு அணில். இதில் நாகலிங்கம் தென் அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் பிறந்த மரம். சிவன் கோயில்களில் வேரூன்றி நம்முடையதாகவே ஆகிவிட்டது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கரையிலேயே தோன்றி, இந்தச் செம்மண்ணிலும் உப்புக்காற்றிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்து பழகிய வீரை மரத்தை எங்கள் பகுதியான முதலியார்பேட்டையில் எத்தனை பேர் அடையாளம் காட்டுவார்கள்? எங்கள் தெருக்களில் வேம்பு உண்டு, புங்கன் உண்டு, தூங்குமூஞ்சி உண்டு, மஞ்சள் பூவைக் கொட்டும் இயல்வாகை உண்டு. ஏ.எஃப்.டி. ரயில்வே கேட்டிலிருந்து மரப்பாலம் வரை கடலூர் சாலையில் எத்தனையோ முறை மரங்களைப் பார்த்தபடி நடந்திருக்கிறேன். ஒரு வீரையைக்கூடப் பார்த்ததில்லை.

அதைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே பதினைந்து கிலோமீட்டர் போல் போய், கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலில் இறங்க வேண்டும். புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு அவர்தான் குலதெய்வம். மொட்டை, காதுகுத்து, பொங்கல் என்று வேன் பிடித்துப் போகிறவர்களுக்குக் கோயில் தெரியும், குதிரைகள் தெரியும், கடைகள் தெரியும். கோயிலைச் சுற்றி நிற்பது என்ன காடு என்று யாரும் கேட்பதில்லை. ஏறக்குறைய 12 ஹெக்டேர், அதாவது 30 ஏக்கர். சோழமண்டலக் கடற்கரையின் பழைய காட்டில் இன்றும் உயிரோடு இருக்கும் துண்டுகளில் அது முக்கியமான ஒன்று.

உச்சி வெயிலில் அதற்குள் நுழைந்தால் முதலில் தெரிவது வெளிச்சம் குறைவது. அடுத்துத் தெரிவது மரங்களின் உயரம். எட்டு மீட்டர், பத்து மீட்டருக்கு மேல் பெரும்பாலும் போவதில்லை, ஆனால் மேலே இலை இலையோடு பின்னிக் கிடக்கிறது. வீரையின் அடிமரம் வழவழப்பான உருளையாக இருக்காது. பல வடங்களை முறுக்கி ஒன்றாக்கியதுபோல் பள்ளமும் மேடுமாக ஓடும். பட்டை சாம்பல் நிறம். இலை கட்டைவிரல் நீளம், தடிப்பு, மேற்புறம் கரும்பச்சையில் மினுமினுக்கும், நுனி கூர்மையில்லாமல் மழுங்கியிருக்கும். பழம் சிவப்பு, சுண்டைக்காயைவிடச் சிறியது, உள்ளே ஒரே கொட்டை. பக்கத்திலேயே காயா நிற்கும். பூக்கிற நாட்களில் அதன் கிளையோடு ஒட்டி நீலப் பூக்கள் கொத்துக் கொத்தாக வரும். திருமாலின் நிறத்துக்கு நம் புலவர்கள் உவமை சொன்ன காயாம்பூ இதுதான். அந்த உவமையைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த நமக்கு, அந்தப் பூ பதினைந்து கிலோமீட்டரில் பூக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

தாவரவியலார் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். இந்தியக் காடுகளை வகைப்படுத்தி 1968இல் சாம்பியனும் சேத்தும் வெளியிட்ட புகழ்பெற்ற பட்டியலில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. ஆந்திரத்தின் தென்கோடி ஸ்ரீஹரிகோட்டாவில் தொடங்கி கோடியக்கரையையும் தாண்டி ராமநாதபுரம் வரை, கடலை ஒட்டிய ஒடுங்கிய பட்டையில் வளர்கிற காடு. பசுமைமாறாக் காடு என்றால் நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலையும் ஓயாத மழையும்தான் நினைவுக்கு வரும். இங்கே ஆண்டுக்குச் சுமார் 130 செ.மீ. மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு ஆறு மாதத்துக்கு மேல் வறட்சி. இவ்வளவு காய்ந்த ஊரில் மற்ற மரங்கள் இலையுதிர்த்துத் தப்பிக்கும். வீரையும் காயாவும் உலக்கைப்பாலையும் இலையைத் தடிக்கவைத்து, வேரை ஆழத்துக்கு அனுப்பி, வைகாசி வெயிலிலும் பச்சையாகவே நிற்கின்றன. இதற்கு ஒரு விலையும் உண்டு: இவை மிக மெதுவாக வளரும். ஒரு தலைமுறையில் வெட்டியதை மீண்டும் காண மூன்று நான்கு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

வறட்சியிலும் பச்சையாக நிற்கும் காடு என்ற இந்தப் புதிரை உலகுக்கு எடுத்துச் சொன்னதில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கடற்கரைக்கு அருகே செயின்ட் லூயி வீதியில் இருக்கிறது. லெக்ரி, பிளாஸ்கோ, மெஹர்-ஹோம்ஜி முதலிய அறிஞர்கள் அங்கிருந்துதான் தென்னிந்தியாவின் தாவர வரைபடங்களைத் தயாரித்தார்கள், மரக்காணம் பக்கத்துக் காடுகளையும் கோடியக்கரையையும் ஆராய்ந்தார்கள். பிற்பாடு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் என். பார்த்தசாரதியும் அவர் மாணவர்களும் புத்துப்பட்டு, திருமாணிக்குழி போன்ற கோயில் காடுகளில் ஒவ்வொரு மரத்தையும் கொடியையும் அளந்து எண்ணி எழுதினார்கள். இந்தியாவில் இவ்வளவு சிறிய காடுகளை இவ்வளவு நுட்பமாக ஆராய்ந்த இடங்கள் அதிகமில்லை. அறிவு இங்கே குறைவாக இல்லை. அந்த அறிவு ஆங்கில, பிரெஞ்சு ஆய்விதழ்களில் தங்கிவிட்டது. காட்டுக்குப் பக்கத்தில் வசிப்பவர்களிடம் வந்து சேரவில்லை.

இனி, எந்தத் துண்டு எப்படிப் பிழைத்தது என்று பாருங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் காடு பிழைத்தது, அங்கே ராக்கெட் ஏவுதளம் வந்து வேலி போட்டதால். சென்னை கிண்டியில் பிழைத்தது, அது ஆளுநரின் தோட்டமாக இருந்ததால். கோடியக்கரையில் வெளிமான்களுக்காக 1967இல் சரணாலயம் வந்தது. மானோடு சேர்ந்து மரமும் தப்பியது. மற்ற இடங்களில் தப்பியதெல்லாம் பெரும்பாலும் அய்யனார், காளி, சப்தகன்னியர் பெயரில் விடப்பட்ட சிறு சிறு கோயில் காடுகள். அந்தக் காட்டில் சுள்ளி எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்த அச்சம், வனத்துறையின் எந்தச் சட்டத்தையும்விட நீண்ட காலம் வேலை செய்திருக்கிறது. காட்டைக் காடு என்பதற்காகக் காத்தவர்கள் இந்தக் கரையில் மிகக் குறைவு.

இங்கேதான் எனக்குப் பெரிய கவலை. அழியும் தாவரம் என்றவுடன் நாம் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலைப் புரட்டுகிறோம். அதில் இந்தக் காட்டோடு தொடர்புள்ள புரசு இருக்கிறது, சந்தனம் இருக்கிறது. இரண்டும் ‘அழிவாய்ப்புள்ளவை’ என்ற வகையில். வீரையையும் காயாவையும் பற்றி அந்தப் பட்டியல் பதறவில்லை. அவை இலங்கையிலும் வளர்கின்றன, ஆந்திரத்திலும் வளர்கின்றன. தனி மரமாகப் பார்த்தால் உடனடி ஆபத்தில்லை. ஆனால் வீரையும் காயாவும் பாலையும் கருங்காலியும் மகிழமும் ஆதொண்டைக் கொடியும் மோதிரக்கண்ணியும் சேர்ந்து ஒரு காடாக நிற்கும் இடம் இந்தக் கரையில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. இனத்தை மட்டும் எண்ணுகிறவர்களின் கண்ணுக்கு இந்த அழிவு தெரியாது. கடைசித் தோப்பும் மனைப்பிரிவாகிற நாளிலும் பட்டியலில் வீரை பத்திரமாகவே இருக்கும்.

தோட்டத்தில் வைத்து வளர்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு வடக்கே, பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரில் தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது. 1870இல் இதே ஊரில் காலமான பெரோத்தே என்ற தாவரவியலார் பேணி வளர்த்தது. உலகின் பல மூலைகளிலிருந்து மரங்கள் வந்து சேர்ந்த இடம் அது, எனக்கு மிகவும் பிடித்த இடமும்கூட. ஆனால் வீரையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெயர்ப்பலகை மாட்டி ஒற்றை மரத்தை நட்டால் அது எத்தனை வருடம் நின்றாலும் அதற்குப் பிள்ளை கிடையாது. இரண்டையும் பக்கத்தில் நட்டாலும் மகரந்தம் கொண்டுபோகப் பூச்சி வேண்டும், பழத்தைத் தின்று கொட்டையைத் தூரத்தில் போடச் சின்னானும் குயிலும் பழந்தின்னி வௌவாலும் மரநாயும் வேண்டும், விழுந்த கொட்டை முளைக்க நிழலும் சருகும் ஈரமும் வேண்டும். இந்தக் காட்டு மரங்கள் பலவற்றின் விதைகள் சீக்கிரமே முளைப்புத்திறனை இழந்துவிடும். டப்பாவில் போட்டு அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்க முடியாது. ஆகவே வீரையைக் காப்பது என்றால் வீரை நிற்கும் இடத்தைக் காப்பதுதான். வேறு குறுக்கு வழி இல்லை.

அந்த இடத்துக்கு என்ன நடக்கிறது? கோடாரி எடுத்து வருகிறவர்கள் இப்போது குறைவு. கேஸ் அடுப்பு வந்தபின் விறகுக்காக வெட்டுவது பெருமளவு நின்றுவிட்டது. இன்றைய ஆபத்து பக்தியோடு வருகிறது. திருப்பணி என்று தொடங்கும். ஓட்டுக்கூரைச் சன்னதி கான்கிரீட் மண்டபமாகும். மண்டபத்துக்கு முன்னால் சிமெண்ட் தரை, தரைக்கு முன்னால் வாகனம் நிறுத்துமிடம், வாகனம் திரும்புவதற்கு இன்னும் கொஞ்சம் இடம், அப்புறம் சமையல் கொட்டகை, கழிப்பறை, உயர்கோபுர விளக்கு. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மரம்தான் போகும். யாரும் காட்டை அழித்ததாக நினைக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் மர நிழலிலேயே கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டுகிறார்கள். வெந்த மண்ணில் அடுத்த மழைக்கு முளை வருவதில்லை. எச்சில் இலை போய்ப் பிளாஸ்டிக் தட்டு வந்துவிட்டது. நடந்து நடந்து இறுகிப்போன தரையில் சருகு மக்குவதில்லை, கன்று நிற்பதில்லை. பெரிய மரங்கள் எல்லாம் அப்படியே இருக்கும், அவற்றின் அடியில் இளம் மரம் ஒன்றுகூட இருக்காது. அப்படிப்பட்ட தோப்பு பார்வைக்குப் பசுமையாக இருந்தாலும் ஏற்கெனவே பாதி செத்துவிட்டது. ஓரங்களில் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் ஏறிக்கொள்ள அந்த வெறுமையே போதும்.

வெளியிலிருந்து நெருக்குவது நிலத்தின் விலை. சென்னையிலிருந்து வரும் கடற்கரைச் சாலை நான்குவழிச் சாலையாகிக் கொண்டிருக்கிறது. இருபுறமும் மனை, விடுதி, பண்ணை வீடு. தோப்புக்கும் தோப்புக்கும் நடுவே முன்பு பனங்காடும் முந்திரிக் கொல்லையும் இருந்தன. மரநாயும் நரியும் பறவையும் அவற்றின் வழியே போய்வந்து விதையைப் பரப்பின. மதில் சுவர் எழுந்தபின் ஒவ்வொரு தோப்பும் தனித் தீவு.

கருங்காலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளாக ஊரெல்லாம் கருங்காலி மாலை. நேரு வீதியில் நடைபாதைக் கடையிலும் தொங்குகிறது, இணையத்திலும் விற்கிறது. கெட்டது விலகும், பணம் வரும் என்கிறார்கள். அதில் எவ்வளவு அசல், எவ்வளவு சாயம் பூசிய கட்டை என்பது வேறு விஷயம். அசலாக இருந்தால் இன்னும் மோசம்; இந்தக் காட்டின் மிக மெதுவாக வளரும் மரங்களில் ஒன்று அது. கழுத்தில் மாலை போட்டுக்கொண்டு அய்யனாரைக் கும்பிடப் போகிறவர்கள், அவர் காட்டிலேயே கருங்காலி கன்றாக நிற்பதைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கடலுக்கு அப்பால் இலங்கையின் வன்னியிலும் இதே மரக்கூட்டம்தான்: பாலை, வீரை, கருங்காலி, முதிரை. நாம் புரசு என்பதை அவர்கள் முதிரை என்கிறார்கள். வவுனியா, முல்லைத்தீவுக் காடுகளில் கள்ளத்தனமாக மரம் அறுப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். பாலைப்பழத்துக்காகக் காட்டுக்குள் அலைந்த பிள்ளைப்பருவத்தைச் சொல்லாத வன்னித் தமிழர் குறைவு. அவர்களிடம் இந்த மரங்களின் பெயர் இன்னும் நாவில் இருக்கிறது. நம்மிடம் அதுவும் போய்விட்டது.

ஆண்டுதோறும் இங்கே மரம் நடு விழாக்கள் நடக்கின்றன. லட்சம் கன்று, இரண்டு லட்சம் கன்று என்று அறிவிப்பு வரும். நடுவது நல்லதுதான், எதை, எங்கே, யார் தண்ணீர் ஊற்றுவது என்ற கேள்விகளோடு நட வேண்டும். இதில் நமக்குப் பக்கத்திலேயே நல்ல பாடம் இருக்கிறது. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு அரித்துப்போன செம்மண் பள்ளங்களும் பனையுமாகக் கிடந்தது. முதலில் வேகமாக வளரும் ஆஸ்திரேலிய வேல மரங்களை நட்டு மண்ணைப் பிடித்தார்கள். பிறகு பிச்சாண்டிக்குளம் போன்ற இடங்களில், சுற்றுவட்டாரக் கோயில் காடுகளிலிருந்து விதை பொறுக்கி வந்து, நாற்றங்காலில் வளர்த்து, இந்த மண்ணின் மரங்களைத் திரும்ப நட்டார்கள். ஐம்பது ஆண்டுக்கும் மேலான உழைப்பு. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கரையைக் கடந்தபோது அங்கே கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தவை அந்த ஆஸ்திரேலிய மரங்கள். சோழமண்டலக் கரையின் புயலுக்கு ஏற்ற உயரத்தையும் வேரையும் எந்த மரம் கொண்டிருக்கிறது என்பதை அன்று காற்றே காட்டியது. ஆனால் அந்த நாற்றங்கால்களுக்கெல்லாம் முதல் விதை வந்தது இத்தகைய கோயில் காடுகளிலிருந்துதான். தாய்த் தோப்பு போய்விட்டால், ஆரோவில் மாதிரி இன்னொரு முயற்சியை எவ்வளவு பணம் கொட்டினாலும் யாராலும் தொடங்க முடியாது.

எங்கள் பகுதியிலேயே இன்னொரு காடு இருக்கிறது. முதலியார்பேட்டைக்குக் கிழக்கே தேங்காய்த்திட்டு. அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள். துறைமுக வேலைகளுக்காக அங்கே சதுப்பின் ஒரு பகுதியை இழந்திருக்கிறோம். இருந்தும் அலையாத்திக்குச் சட்டத்தில் ஒரு பிடி உண்டு: கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு அதை மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கிறது. அந்த அறிவிப்பைக் காட்டி ஒரு மீனவர் சங்கம் கேள்வி கேட்கலாம், வழக்குப் போடலாம். ஊசுட்டேரியைப் பறவைகளுக்காகப் புதுச்சேரி அரசு 2008இல் சரணாலயமாக்கியது. தமிழ்நாடு 2021இல் கழுவெளியை அறிவித்தது. தண்ணீருக்கும் பறவைக்கும் கிடைத்த காவல் மேட்டு நிலத்தின் இந்தக் காட்டுக்கு வந்து சேரவில்லை. வருவாய்ப் பதிவேட்டில் அது கோயில் நிலமாகவோ புறம்போக்காகவோ கிடக்கிறது. காடு என்று எழுதப்படாத காட்டுக்கு வனத்துறை காவலுக்கு வராது.

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், உள்ளாட்சிகளோடு கலந்து ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் தருகிறது. மதுரை அரிட்டாபட்டி 2022இல் அப்படி அறிவிக்கப்பட்டது; டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றபோது அந்த அறிவிப்பு மக்களின் கையில் எவ்வளவு பெரிய பலமாக இருந்தது என்பதைத் தமிழகமே பார்த்தது. 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோவில் காடு அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 4.97 ஹெக்டேர்தான், புத்துப்பட்டுக் காட்டில் பாதிகூட இல்லை. 2024 டிசம்பர் 18 அன்று ராஜஸ்தானின் ‘ஓரண்’ காடுகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், கோயில் காடுகளை நிலத்திலும் செயற்கைக்கோள் படத்திலும் அளந்து வரையறுக்கச் சொன்னது. நாடு முழுவதற்கும் ஒரு கொள்கை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைத்தது. சட்டமும் தீர்ப்பும் முன்னுதாரணமும் தயாராக இருக்கும்போது தாமதிக்கக் காரணம் இல்லை.

புதுச்சேரிக்கு ஒரு சிக்கல் உண்டு. நம் நிலம் துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது. கும்பிடப் போகும் குடும்பங்கள் இங்கே, காடு விழுப்புரம் மாவட்டத்தில். அங்குள்ள அதிகாரிக்கு இந்தப் பக்கத்துக் கூட்டம் வாக்காளர் அல்ல. இங்குள்ள சட்டமன்ற உறுப்பினருக்கு அந்தப் பக்கத்துக் காடு தொகுதி அல்ல. எனவே இரண்டு அரசுகளும் சேர்ந்து உட்கார வேண்டும். முதல் வேலையாக எல்லையின் இருபுறத்திலும் எஞ்சியிருக்கும் கோயில் காடுகளை அளந்து கல் நட வேண்டும். அளவையும் மரப் பட்டியலையும் தமிழில் அச்சிட்டு அந்தந்த ஊராட்சியிலும் கோயிலிலும் வைக்க வேண்டும். அறநிலையத் துறையின் கீழ் வரும் கோயில்களில் திருப்பணிக்கு அனுமதி கேட்கும்போது, எந்த மரமும் விழாது என்ற உறுதியும் வனத்துறையின் ஒப்புதலும் கட்டாயமாக வேண்டும். சமையல் கொட்டகையும் வாகனம் நிறுத்துமிடமும் காட்டுக்கு வெளியே, சாலைப் பக்கம் இருந்தால் யாருடைய பக்தியும் குறைந்துவிடாது. நம் நகராட்சி நாற்றங்கால்களில் வீரையும் காயாவும் பாலையும் வளர வேண்டும். மூடிக் கிடக்கும் ஏ.எஃப்.டி. ஆலை வளாகம் என்ன ஆகப்போகிறது என்ற பேச்சு வரும்போதெல்லாம், அதில் ஒரு மூலையையாவது இந்த மரங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

மற்றது குலதெய்வம் கும்பிடப் போகும் நம் கையில். இந்த ஆடியில் போகும்போது அடுப்பைச் சாலை ஓரத் திடலில் மூட்டுங்கள். தட்டையும் பாட்டிலையும் வேனிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். பிள்ளைகளிடம் வீரையையும் காயாவையும் காட்டிப் பெயர் சொல்லுங்கள். திருப்பணிக்கு நன்கொடை கேட்டு வருவார்கள், கட்டாயம் கொடுங்கள். கொடுக்கும்போது, இந்தப் பணத்தில் ஒரு மரமும் வெட்டப்படாது என்று ரசீதின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.